தந்தியைத் தொட்டால் அடங்கும் இரைச்சல்

நானாட்டானில் ஒரு பேஸ் கிற்றார் இரைந்தால் அது பெரும்பாலும் ஜி சுரத்தை ஒட்டியே இரையும். இலங்கையின் கரண்ட் செக்கனுக்கு 50 முறை போய்வருகிற ஆடலோட்டம். பேஸ் கிற்றாரின் ஆகத் தடித்த தந்தியான ஈ தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 41.2 ஹேர்ட்ஸ், அதையே மூன்றாவது பிறெற்றில் அழுத்தி மீட்டினால் 49 ஹேர்ட்ஸ். அதுதான் கீழ் ஜி. இரைந்துகொண்டிருக்கிற ஸ்பீக்கருக்கு முன்னால் அந்த ஜியை நீட்டி வாசித்துப் பாருங்கள். ஒலி செக்கனுக்கு ஒரு தடவை பொங்கித் தணியும். 50க்கும் 49க்கும் இடையிலுள்ள அந்த ஒன்றுதான் காதுக்கு அப்படிக் கேட்கிறது. மெல்லிய ஜி தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 98 ஹேர்ட்ஸ். கரண்டின் இரண்டாம் மடங்கு 100. இப்போது செக்கனுக்கு இரண்டு தடவை பொங்கும். பேஸ் கிற்றாரைப் பெருவழக்காக்கிய கலிபோர்னியாவில் கரண்டின் மீடிறன் 60. அங்கே இந்த இரைச்சல் ஏ ஷார்ப்புக்கும் பிக்கும் நடுவில், எந்தச் சுரத்தோடும் சேராமல் நிற்கும். நமக்கு வாய்த்ததோ சுருதியோடு ஒட்டப்பார்க்கிற இரைச்சல். பாட்டு ஓடும்வரை ஒளிந்திருந்துவிட்டு, பாட்டு முடிந்து குருவானவர் மன்றாட்டைத் தொடங்கும் நேரத்தில் முழுதாகக் காதில் விழும்.

கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களும் மேற்கே வங்காலைக் கடலும் தெற்கே அருவியாறும் சூழ்ந்த ஊர் நானாட்டான். மன்னார்ப் பக்கம் நாட்டுக்கூத்துக்கும் வாசாப்புக்கும் பேர்போனது. அங்கெல்லாம் மத்தளமும் தாளமும் போதும். கோவில் பாடகர் குழுவும் மேடை இசைக்குழுவும் என்று வந்தால் கீபோர்ட்டும் ட்ரம்ஸும் வருகின்றன, பின்னாலேயே பேஸும் வருகிறது. இளையராஜாவின் பாட்டுகளில் சசிதரன் வாசித்ததையும் ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அடிச்சுரம் இல்லாத பாட்டு அரைவயிற்றுச் சாப்பாடு. அப்படி ஆசைப்பட்டு வாங்கிய வாத்தியம் இரையத் தொடங்கினால் முதலில் வருகிற முடிவு, 'இது மலிவான கிற்றார், அதுதான்' என்பது. அநேகமாக அந்த முடிவு தவறு. விலையுயர்ந்த வாத்தியமும் அதே மண்டபத்தில் அதே பொயின்ற்றில் அதே மாதிரி இரையும்.

எல்லா மின்வாத்தியங்களுக்கும் கரண்டின் இரைச்சல் ஒரு தொல்லை; பேஸுக்கு மட்டும் இரட்டைத் தொல்லை. சாதாரணக் கிற்றாரின் ஆகக் கீழான சுரம் 82.4 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் மிக்ஸரில் வெட்டிவிடலாம். 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் கூடவே போய்விடும், பாட்டுக்கு நட்டமில்லை. பேஸில் அப்படி வெட்டினால் வாத்தியத்தின் அடித்தளமே போய்விடும். போதாக்குறைக்கு மனிதக் காது தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தம் என்பதை பிளெச்சர், மன்சன் என்ற இரு அமெரிக்கர்கள் 1933இல் அளந்து காட்டினார்கள். மெல்லியதாகக் கேட்கிற 50 ஹேர்ட்ஸ், உண்மையில் அளவில் பெரியது. வீட்டில் வைத்து ஒத்திகை பார்க்கிற சிறிய அம்பில் (அம்ப்ளிபயரில்) எட்டு அங்குல ஸ்பீக்கர்தான் இருக்கும். 50 ஹேர்ட்ஸை அதனால் ஒழுங்காக எழுப்பவே முடியாது. ஒத்திகையில் சத்தமில்லை, திருவிழா மேடையில் பதினெட்டு அங்குல பேஸ் பெட்டிகளில் இணைத்ததும் தரையே இரைகிறது என்றால் வாத்தியம் ஒரே நாளில் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரைச்சல் ஒத்திகையிலும் இருந்தது. அதைக் காட்டுவதற்கு அங்கே பெரிய ஸ்பீக்கர் இல்லை.

இரைச்சல் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் வருகிற வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. அதைக் காதாலும் கையாலும் பிரித்தறிந்த பிறகுதான் ஸ்குறூ ட்ரைவரைத் தொட வேண்டும்.

முதல் வேலை, வயரைக் கழற்றிவிட்டு வாசிப்பது. அம்போடு இணைக்காதபோதும் கரகரப்புக் கேட்டால் அது மின்சாரச் சங்கதியே இல்லை. தந்தி எங்கோ உலோகத்தில் உரசுகிறது. விரற்பலகையில் குறுக்கே பதித்த கம்பிகளான பிறெற்றுகளில் தந்தி மோதுவதுதான் இதில் வழக்கமான குற்றவாளி. நான்கு தந்திகளும் சேர்ந்து கிற்றாரின் கழுத்தை ஏறக்குறைய 70 முதல் 80 கிலோகிராம் இழுவையில் வளைக்கப் பார்க்கின்றன. அதை எதிர்த்து நிற்பது கழுத்துக்குள் புதைந்திருக்கும் இரும்புத் தண்டு. மரம் ஈரத்தைக் குடித்து ஊதுவதும் உலர்ந்து சுருங்குவதுமாக இந்தச் சமநிலையைக் குலைத்துக்கொண்டே இருக்கும். மன்னாரில் வருட மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நிலம் வெடிக்கும் வறட்சி. மார்கழியில் சரியாக இருந்த கழுத்து ஆடியில் சரியாக இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது.

கழுத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு தந்தியை முதல் பிறெற்றிலும் கழுத்தின் கடைசிப் பிறெற்றிலும் ஒரேநேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். நேர்கோடு ஒன்று கிடைத்துவிடும். நடுவில், ஏழாவது எட்டாவது பிறெற் அளவில், தந்திக்கும் பிறெற்றுக்கும் இடையே ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். போட்டோக் கொப்பி எடுக்கிற ஏ4 தாள் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். மூன்று தாள்களைச் சேர்த்து அந்த இடைவெளியில் செருகிப் பார்க்கலாம். தாள் நுழையவே இடமில்லாமல் முதல் ஐந்து பிறெற்றுகளில் கரகரத்தால் கழுத்து பின்னோக்கி நிமிர்ந்துவிட்டது. தண்டை இளக்க வேண்டும். இடைவெளி நிறையவே இருந்து மேல் பிறெற்றுகளில் கரகரத்தால் இறுக்க வேண்டும். எந்தப் பக்கமானாலும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிவிட்டுத் தந்தியை மறுபடி சுருதி சேர்த்து, மரத்துக்கு ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். பலத்தைப் போட்டுத் திருகினால் தண்டு முறியும். அதன்பிறகு கழுத்தையே மாற்ற வேண்டியதுதான்.

பிறெற்றில் மோதுகிற சத்தம் மெல்லியதாக இருந்து ஸ்பீக்கரில் கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். பேஸ் வாசிப்பவர்கள் பலர் அந்த உறுமலை விரும்பியே வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, குறிப்பிட்ட ஒரு சுரத்துக்கு மட்டும் 'ஸ்ஸ்ர்' என்று ஏதாவது அதிர்ந்தால் கிற்றாரை விட்டுவிட்டு மண்டபத்தைப் பாருங்கள். தகரக் கூரையின் இளகிய ஆணி, ஜன்னல் கண்ணாடி, ட்ரம்ஸில் ஸ்நெயாரின் அடியில் இருக்கும் கம்பிச் சுருள், இவற்றில் ஏதாவதொன்று அந்த மீடிறனுக்கு ஒத்திசைந்து ஆடிக்கொண்டிருக்கும்.

வயரைக் கழற்றியதும் சத்தம் நின்றுவிட்டதென்றால் இனி மின்சாரத்தின் கதை.

மைக்கேல் ஃபரடே 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார்: சுருளுக்குள் காந்தப்புலம் மாறினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். கிற்றாரின் பிக்கப் அதைத் தவிர வேறொன்றுமில்லை. சில காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றித் தலைமுடியளவு மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே உருக்குத் தந்தி ஆடும்போது காந்தப்புலம் ஆடுகிறது, சுருளில் சமிக்ஞை பிறக்கிறது. சிக்கல் என்னவென்றால், சுருளுக்குத் தன் தந்தி யார், அயலிலுள்ள நிலைமாற்றி யார் என்று தெரியாது. அம்புக்குள்ளிருக்கிற நிலைமாற்றி, சுவருக்குள் ஓடுகிற வயர், மேசை விசிறி எல்லாமே செக்கனுக்கு 50 முறை ஆடுகிற காந்தப்புலத்தைப் பரப்புகின்றன. சுருள் அதையும் விசுவாசமாகப் பிடித்துக் கொடுக்கிறது.

லியோ ஃபென்டர் 1951இல் விற்பனைக்கு விட்ட பிரிசிஷன் பேஸில் சுருள் ஒன்றுதான், இரைந்தது. 1957இல் அவர் பிக்கப்பை இரண்டு துண்டாக வெட்டி, இரண்டு தந்திக்கு ஒரு துண்டு என்று தள்ளித்தள்ளி வைத்தார். ஒரு துண்டில் கம்பி சுற்றிய திசை மற்றதற்கு எதிர். காந்தத்தின் முனையும் எதிர். வெளியிலிருந்து வருகிற 50 ஹேர்ட்ஸ் இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று கழித்துவிடுகிறது. தந்தியின் ஒலிக்கு எந்த நட்டமும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு துண்டுதான் காது கொடுக்கிறது. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இதே உத்தியைக் கிற்றாருக்காகச் செய்து 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அவருடையதில் இரண்டு சுருளும் எல்லாத் தந்திகளையும் கேட்கும். சுற்றும் எதிர், முனையும் எதிர் என்பதால் தந்தியின் ஒலி கூடும், இரைச்சல் மட்டும் கழியும். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு தனித்தனி பிக்கப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வொலியூம் நொப். இரண்டையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் கழிந்துவிடும். ஒன்றைக் குறைத்த கணமே திரும்பி வரும்.

இன்று விற்கிற பேஸ்களில் பெரும்பாலானவை பிரிசிஷன், ஜாஸ் இரண்டின் சாயலில்தான் இருக்கின்றன. உங்களுடையது ஜாஸ் வகையென்றால் எதையும் கழற்றுமுன் இரண்டு நொப்பையும் முழுதாகத் திறந்து பாருங்கள். சத்தம் விழுந்துவிட்டால் வாத்தியத்தில் பழுது இல்லை. அதன் இயல்பே அது. பிறகு நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள். அம்பைப் பார்த்து நிற்கும்போது அதிகம், பக்கவாட்டில் திரும்பினால் குறைவு என்றிருந்தால் சுருள் பிடிப்பது காந்தப்புலத்தை. அம்பிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, சத்தம் ஆகக் குறைந்த திசையில் நின்று வாசிப்பதுதான் செலவில்லாத மருந்து.

கிற்றாரின் உட்குழியில் செப்புத் தாள் ஒட்டினால் எல்லா இரைச்சலும் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. செப்புத் தாள் மின்புலத்தை மறிக்கும்; காந்தப்புலத்தை மறிக்காது. 50 ஹேர்ட்ஸ் காந்த அலை செம்புக்குள் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் ஆழம் போன பிறகுதான் மூன்றில் ஒரு பங்காகத் தேயும். தாளின் தடிப்போ மில்லிமீற்றரில் ஒரு சிறு பின்னம். திரும்பி நின்றால் கூடிக் குறைகிற இரைச்சலுக்குத் தாள் ஒட்டுவது வீண் செலவு. திரும்பினாலும் மாறாத, ஆனால் கை பட்டால் மாறுகிற இரைச்சலுக்குத்தான் அது உதவும்.

கை பட்டால் மாறுவது எப்படி? ஒத்திகைகளில் அடிக்கடி நடக்கிற உரையாடல் இது.

"அண்ணை, இரையுது."

"தந்தியைத் தொடு தம்பி."

"இப்ப நிண்டிட்டுது."

"கையை எடு."

"திரும்ப வருது."

"அப்ப கிற்றார் நல்லாத்தான் இருக்கு. வாசி."

அந்த அண்ணை சொல்வது சரி. சுவரிலும் கூரையிலும் ஓடுகிற வயர்களுக்கு நடுவே நிற்கிற மனித உடம்பு ஓர் அன்ரெனா. 50 ஹேர்ட்ஸ் அழுத்தத்தை வாங்கி, மடியிலிருக்கிற கிற்றாரின் சுருளுக்கும் வயருக்கும் கசியவிடுகிறது. தந்திகள் அவற்றைத் தாங்கும் உலோகப் பாலத்தோடும் பாலம் ஒரு வயர் வழியாக ஜாக்கோடும் இணைந்திருக்கின்றன. அங்கிருந்து அம்பின் புவித்தொடுப்பு (ஏர்த்) வரை பாதை போகிறது. தந்தியைத் தொட்டதும் உடம்பின் அழுத்தம் அந்த வழியே வடிந்துவிடும். தொட்டால் குறைவது பாதை ஒழுங்காக இருப்பதற்கு அடையாளம். தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே இரைச்சல் என்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. தொட்டதும் பெரிதாக உறுமினால் ஜாக்கில் இரண்டு வயரையும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அப்போது உங்கள் உடம்பே அம்பின் வாசலில் இணைந்துவிடுகிறது.

அறுந்த பாதையைத் தேடப் பாலத்தைக் கழற்றிப் பாருங்கள். ஐந்து திருகாணிகளை எடுத்ததும் அடியில் மரத்தில் ஒரு சிறு துளை தெரியும். துளையிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து, அதன் உறை நீக்கிய நுனி விசிறிபோல் விரிந்து, பாலத்தின் உலோகத் தட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் நசுங்கியிருக்கும். ஈயம் வைத்து ஒட்டியதில்லை. வெறும் அழுத்தத்தில் தொட்டுக்கொண்டிருப்பது. உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து அந்தச் செப்பு நுனியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். தட்டின் அடிப்பக்கத்தில் அதே அளவு வட்டத்தில் கறள். பார்வைக்கு இரண்டும் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, நடுவிலிருக்கிற களிம்புதான் கரண்டை விடுவதில்லை. உப்புத்தாளால் இரண்டையும் பளபளக்கத் தேய்த்து, நுனியைப் புதிதாக வெட்டி விரித்து, பாலத்தை இறுக்குங்கள். மல்ரிமீற்றரில் தந்திக்கும் ஜாக்கின் வெளி உலோகத்துக்கும் இடையே தடையை அளந்தால் ஒரு ஓமுக்குள் வர வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற வாத்தியங்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான், அதற்கடுத்து ஜாக்.

ஜாக்கின் கதை பழையது. 6.35 மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்தக் குச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொலைபேசிப் பரிவர்த்தனை மேசைகளுக்காகச் செய்யப்பட்டது. இன்றும் அநேகமாக அதே வடிவில் வாழ்கிறது. கிற்றார் பக்கம் நட்டு இளகி, ஜாக் முழுதும் சுழன்று சுழன்று உள்ளேயுள்ள வயர் முறிந்துபோவது மிகச் சாதாரணம். வொலியூமைப் பூச்சியத்துக்கு இறக்குங்கள். சத்தம் அடங்கினால் பிழை நொப்புக்கு முன்னால், அதாவது பிக்கப் பக்கம். அடங்காவிட்டால் பிழை நொப்புக்குப் பின்னால்: ஜாக், வயர், அம்ப். வயரை வளைத்து ஆட்டிப் பாருங்கள், படபடத்தால் வயர். மேடையில் அவசரத்துக்கு ஸ்பீக்கர் வயரைக் கிற்றாருக்குச் செருகுகிறவர்கள் உண்டு. அதற்குள் உட்கம்பியைச் சுற்றிய உலோக உறைவலை கிடையாது. முழு நீளமும் அன்ரெனா. வயரை அம்பிலிருந்தே பிடுங்கிய பின்னும் இரைந்தால் அம்ப்தான். பழைய அம்புகளில் பெரிய கொள்ளளவிகள் வற்றிப்போய் 100 ஹேர்ட்ஸில் உறுமும். அதைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கொள்ளளவிகளில் ஆளை அடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

கிற்றாருக்குள் 9 வோல்ற் பற்றரி இருக்கிற வகையானால் முதலில் பற்றரியை மாற்றுங்கள். சாகப்போகிற பற்றரி ஒலியைக் கிழித்துக் கரகரக்க வைக்கும். ஜாக்கைச் செருகியதும் அந்தச் சுற்று விழித்துக்கொள்ளும் என்பதால், வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றாமல் சாத்திவைத்தால் பற்றரி தானாகத் தீரும்.

சில சத்தங்கள் வெளியூரிலிருந்து வருபவை. 'டிட் டிட் டிட்' என்று தாளம் போட்டால் பக்கத்தில் ஒரு கைத்தொலைபேசி; பழைய இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் அது செக்கனுக்கு 217 தடவை வெடிப்பு வெடிப்பாகப் பேசும். இரவில் ஸ்பீக்கரில் யாரோ பிரசங்கம் செய்வது மெலிதாகக் கேட்டால் பேய் பிசாசு என்று பயப்பட வேண்டாம். வில்பத்துக் காட்டுக்கு அப்பால் புத்தளத்திலிருந்து மத்திய அலை 882 கிலோஹேர்ட்ஸில் 400 கிலோவாற் வலுவோடு ஒலிபரப்புகிற சமய வானொலி நிலையம் ஒன்று இருக்கிறது. களிம்பேறிய இணைப்பு ஒன்று டையோடு போல் வேலை செய்தால் கிற்றார் வயர் றேடியோவாகிவிடும்.

இனி கோவில் வளவுக்குள் வருவோம். வாத்தியமும் வயரும் அம்பும் சுத்தமாக இருந்தும் திருவிழாவன்று இரைகிறது என்றால் பார்க்க வேண்டியது நிலத்தை.

இலங்கையில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென்று ஓர் ஏர்த் கம்பி நிலத்தில் அடிக்கப்படுகிறது. கோவிலுக்கு ஒன்று, பங்குமனைக்கு ஒன்று, மண்டபத்துக்கு ஒன்று. இந்தக் கம்பிகள் ஒரே வளவில் இருந்தாலும் அவற்றுக்கு நடுவே இருப்பது மண். சோளகக் காலத்தில் காய்ந்த மணலும் வெடித்த களியும் நல்ல கடத்திகள் இல்லை. ஒரு கட்டடத்துக் கருவிகளிலிருந்து சிறு கசிவு ஓட்டம் இறங்கினால் அந்தக் கம்பியின் அழுத்தம் மற்றதைவிடச் சற்று உயரும். இப்போது மேடையைப் பாருங்கள். பேஸ் அம்புக்கு மண்டபத்திலிருந்து கரண்ட்; மிக்ஸருக்குப் பங்குமனையிலிருந்து நீட்டிய வயரில் கரண்ட். அம்பையும் மிக்ஸரையும் இணைக்கிற ஒலி வயரின் உறைவலை இரண்டு ஏர்த்தையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. மண்ணுக்குள் போக மனமில்லாத ஓட்டம் அந்த உறைவலை வழியே போகும். சில மில்லிவோல்ற் போதும். பிக்கப் தருகிற சமிக்ஞையே மில்லிவோல்ற் கணக்குத்தானே.

இந்த இரைச்சலைக் கண்டுபிடிப்பது எளிது: ஒலி வயரை மிக்ஸரிலிருந்து கழற்றினால் பேஸ் அம்ப் அமைதியாகிவிடும். தீர்ப்பதும் எளிது. மேடையிலுள்ள வாத்தியங்களையும் மிக்ஸரையும் ஒரே பொயின்ற்றிலிருந்து எடுங்கள். 13 அம்பியர் பொயின்ற் ஒன்று ஏறக்குறைய 3000 வாற் தரும். வாத்தியங்களுக்கும் மிக்ஸருக்கும் அது தாராளம். விளக்குகளையும் பெரிய பவர் அம்புகளையும் அதே கட்டடத்தின் வேறு பொயின்ற்றில் செருகிவிடுங்கள். அது முடியாதபோது ஒலி வயரின் நடுவில் டி.ஐ. பெட்டி ஒன்றை வையுங்கள். அதற்குள் ஒரு சிறு நிலைமாற்றி இருக்கும். சமிக்ஞை காந்தப்புலமாகத் தாண்டிப் போகும், செப்புத் தொடர்பு தேவையில்லை. பக்கத்திலுள்ள சிறிய சுவிட்ச் உறைவலையை மட்டும் துண்டிக்கும். கருவிகளின் ஏர்த் அப்படியே இருக்கும்.

மடிக்கணினியை மிக்ஸரில் செருகியதும் 'ங்ஙீ' என்று கூரிய ரீங்காரம் வந்தால் அதன் இரட்டை முள் சார்ஜரைக் கவனியுங்கள். ஏர்த் இல்லாத அந்தப் பெட்டிக்குள்ளிருக்கிற சின்னக் கொள்ளளவி கரண்டில் ஒரு துளியை வெளியே கசியவிடும். கணினியின் உலோக விளிம்பைப் புறங்கையால் தடவினால் கூசுவது அதனால்தான். பாட்டு நேரத்துக்குச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் போதும்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த அத்தியாயத்தை எழுதியதற்குக் காரணம். இரைச்சலை நிறுத்த ஒரு குறுக்கு வழி எல்லா ஊரிலும் வழக்கத்தில் இருக்கிறது: அம்பின் பிளக்கைத் திறந்து ஏர்த் வயரைக் கழற்றிவிடுவது, அல்லது மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கிச் செருகுவது. முடிச்சு அவிழ்ந்துவிடுவதால் இரைச்சல் உடனே நின்றுவிடும், செய்தவருக்குப் பாராட்டும் கிடைக்கும். ஆனால் கிற்றாரின் தந்திகள் அம்பின் உலோகக் கூட்டோடு இணைந்திருக்கின்றன என்பதை மேலே பார்த்தோம். அம்புக்குள் என்றைக்காவது உயிர் வயர் கூட்டில் தொட்டால், ஏர்த் இருந்திருந்தால் ட்ரிப் சுவிட்ச் அந்தக் கணமே விழுந்திருக்கும். ஏர்த் இல்லாவிட்டால் ஒன்றும் விழாது. தந்திகளில் 230 வோல்ற் காத்துக்கொண்டிருக்கும். வாசிப்பவர் செருப்போடு மரமேடையில் நிற்கிறவரை அவருக்கு எதுவும் தெரியாது. பாடுவதற்காக உதட்டை மைக்கில் வைக்கிறார். மைக் மிக்ஸர் வழியாக ஒழுங்காக ஏர்த் செய்யப்பட்டது. கையிலிருந்து உதட்டுக்கு உடம்பின் தடை ஏறக்குறைய 1500 ஓம் என்று வைத்தால் 150 மில்லி அம்பியர் நெஞ்சுக்குக் குறுக்கே ஓடும். ட்ரிப் சுவிட்சுகள் 30 மில்லி அம்பியரில் விழும்படி செய்யப்படுவது அதற்கு மேல் போனால் இதயத்துக்கு ஆபத்து என்பதால்தான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1972 மே 3ஆம் தேதி வேல்ஸ் நாட்டின் சுவான்சியில், ஸ்டோன் த குரோஸ் என்ற குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி ஏர்த் ஒழுங்கில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். அவருடைய விடயத்தில் பிழை மைக் பக்கம் இருந்தது. உடம்பு மூடிய சுற்று ஒன்றுதான்.

திருவிழா இரவுகளில் ஓடுகிற சிறிய ஜெனரேற்றர்களில் நிலைமை இன்னும் மோசம். பலவற்றில் ஏர்த் கம்பி அடிப்பதே இல்லை. நடுநிலை வயர் எதனோடும் இணையாமல் மிதக்கும். அப்படி மிதந்தால் ட்ரிப் சுவிட்ச் இருந்தும் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது. தந்தியைத் தொட்டாலும் இரைச்சல் அடங்காததற்கு அங்கே காரணம் கிற்றாரில் இல்லை, ஜெனரேற்றரின் காலடியில் இருக்கிறது. கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்த முனையோடு என்பதை மின்வேலை தெரிந்தவர் தீர்மானிக்கட்டும்.

ஆகவே பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிற தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்: வாத்தியப் பையில் உபரித் தந்தியோடு ஒரு மல்ரிமீற்றரும் இருக்கட்டும். மேடையில் எல்லாவற்றையும் இணைத்த பிறகு, மைக்கைத் தொடுமுன், மீற்றரை ஆடலோட்ட வோல்ற்றில் வைத்து ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். பூச்சியத்தை ஒட்டி இருந்தால் வாசிக்கலாம். பத்து இருபது வோல்ற் என்று ஏறினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். கரண்ட் எடுக்கிற பலகையில் ட்ரிப் சுவிட்சின் ரெஸ்ற் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் அந்தப் பலகையிலிருந்து அன்று எதையும் செருக வேண்டாம்.